மாமாவைத் தூக்கிய கயிறு

என் மாமாவுக்கு இடது விலாவில் இரண்டு எலும்புகள் சரியாகக் கூடவில்லை. மழைக்காலம் வந்தால் அந்த இடத்தை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டுதான் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அந்த எலும்புகளை உடைத்தது ஒரு தாம்புக்கயிறு. அவர் இன்றைக்கு உயிரோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பதற்குக் காரணமும் அதே கயிறுதான்.

எனக்கு அப்போது 14 வயது. கோடை விடுமுறைக்கு அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் கொங்குப் பக்கத்துக் கிணறுகளைப் பார்க்காதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பம்பு தண்ணீரை உறிஞ்சி ஏற்றுவதற்கு ஒரு எல்லை உண்டு. ஏட்டுக் கணக்கில் 10 மீட்டர் வரும், நடைமுறையில் 7 மீட்டரைத் தாண்டினாலே திணறும். அதனால் தண்ணீர் கீழே போகப் போக, ஆயில் எஞ்சினையும் கிணற்றுக்குள்ளேயே ஒரு திட்டில் இறக்கி வைத்துவிடுவார்கள். புகையை மேலே கொண்டுவர ஒரு குழாய் இருக்கும். அந்தக் குழாய் எங்காவது ஒழுகினால் போச்சு. எஞ்சின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது.

அன்று பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் எஞ்சின் தானாக நின்றுவிட்டது. என்னவென்று பார்க்கத் தோட்டத்துக்காரர் மகன் இறங்கினார். கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. பண்ணையத்தில் இருந்த ஒருவர் பின்னாலேயே ஓடினார். அவரும் திட்டில் எஞ்சினுக்குப் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்தது மேலிருந்து பார்த்தபோது நன்றாகத் தெரிந்தது. தூங்குகிறவர் மாதிரி இருந்தார். சட்டையைக் கழற்றி வீசிவிட்டு மாமா முதல் படியில் கால் வைத்தார். அவர் தோளை அப்புச்சி எட்டிப் பிடித்தார்.

"நில்றா. கயித்தக் கட்டாம ஒரு படி எறங்கப்புடாது."

வாளியிலிருந்து தாம்புக்கயிற்றை அவிழ்த்து, மாமாவின் மார்பைச் சுற்றி ஒரு சுருக்குப் போட்டார். எல்லாம் அரை நிமிடத்தில் முடிந்தது. மாமா திட்டுக்குப் போய், குனிந்து அந்தப் பையனின் கையைப் பிடித்தார், அப்படியே முழங்கால் மடங்கி விழுந்தார். கயிறு விறைத்தது. நான்கு பேர் சேர்ந்து இழுத்தார்கள். நானும் கயிற்றின் கடைசியைப் பிடித்திருந்தேன். மேலே வந்தபோது சுருக்கு அக்குளுக்குக் கீழே சதைக்குள் புதைந்திருந்தது, முகம் நீலம் பாரித்திருந்தது. வெளிக்காற்றில் கிடத்தி வெகுநேரம் கழித்துத்தான் கண் திறந்தார்.

கீழே இருந்த இருவரையும் தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்தவர்கள் மேலே கொண்டுவந்தார்கள். இரண்டு உடம்பிலும் உயிர் இல்லை.

அவர்கள் வேலை செய்த விதம் என் மனதில் அப்படியே நிற்கிறது. ஒருவர் முதுகில் காற்று சிலிண்டர், முகத்தில் முகமூடி. ஆனால் அதற்கும் முன்னால், வண்டியை விட்டு இறங்கிய உடனேயே அவர் இடுப்பில் கயிறு ஏறியிருந்தது. அந்தக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தவர் வேறு எந்த வேலையும் செய்யவில்லை. யாரோடும் பேசவில்லை, கிணற்றடியில் அழுதவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. கயிற்றை விட்டுப் பிடித்து, விட்டுப் பிடித்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிணற்றிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் நடக்கும் சாவுச் செய்திகளில் திரும்பத் திரும்ப ஒரு வரி வரும்: 'காப்பாற்ற இறங்கியவரும் பலி'. விஷவாயு தாக்கியது என்று ஒரே வார்த்தையில் எழுதிவிடுவார்கள். உள்ளே நடப்பது பல வகை. இலைதழை அழுகினால் ஆக்சிஜன் குறையும். சாதாரணக் காற்றில் அது 21 சதவீதம், 10 சதவீதத்துக்குக் கீழே போனால் கொஞ்ச நேரத்தில் நினைவு தப்பிவிடும். கொடுமை என்னவென்றால், ஆக்சிஜன் குறைவதை உடம்பு சரியாக எச்சரிக்காது. நமக்கு மூச்சுமுட்டுவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு கூடும்போதுதான். மயக்கம் வருகிறது என்று தெரிந்து திரும்பலாம் என்று நினைப்பதற்குள் கால் மடங்கிவிடும். அரிக்கேன் விளக்கை இறக்கிப் பார்க்கும் வழக்கமும் முழுசாக நம்பக்கூடியதில்லை. ஆளைக் கொல்லும் அளவு கார்பன் மோனாக்சைடு இருக்கும் இடத்திலும் விளக்கு பாட்டுக்கு எரியும். இறங்குகிறவனுக்கு மூச்சுக்கருவி இல்லை என்றால் இறங்கவே கூடாது. இது முதல் விதி. கருவி இருந்தாலும் கயிறு வேண்டும், ஏனென்றால் அதுவும் கோளாறாகும்.

பல வருடம் கழித்து நான் ஒரு நூற்பாலையில் பாதுகாப்புப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். அவசரக் குழுவுக்குப் பயிற்சி கொடுக்க, தீயணைப்புத் துறையில் முன்னணித் தீயணைப்போராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் வருவார். எல்லோரும் அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவோம். முதல் நாள் அவர் பாடம் எதுவும் நடத்தவில்லை. ஒரு பக்கெட் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். எங்கள் ஸ்டோரில் 'நைலான் கயிறு' என்று பெயர் எழுதி வைத்திருந்த நீலக் கயிற்றில் ஒரு சாண் வெட்டிப் போட்டார். மிதந்தது. தன் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் போட்டார். மூழ்கியது.

"மூழ்கினதுதான் நைலான். உங்க ஸ்டோர்ல இருக்கிறது பாலிப்ரொப்பிலின். கடைக்காரர் ரெண்டையும் நைலான்னுதான் சொல்லுவார்."

எங்கள் வீட்டில், தோட்டத்தில், லாரியில், கிணற்றில் எல்லாம் கிடக்கும் நீலக் கயிறும் மஞ்சள் கயிறும் பெரும்பாலும் இந்த ரகம்தான். மலிவு, நனைந்தால் அழுகாது. ஆனால் வெயிலில் கிடந்தால் மொரமொரத்துப் போகும், உள்ளங்கையில் உருவினால் தூள் தூளாக ஒட்டும். சுமார் 165 டிகிரியில் உருகிவிடும். நைலான் ரகத்தைப் பொறுத்து 220 முதல் 260 டிகிரி வரை தாங்கும். தீக்குப் பக்கத்தில் போகிறவர்களுக்கு அதுவும் போதாது என்பதால் அராமிட் என்ற செயற்கை இழையில் கயிறு செய்கிறார்கள். அது உருகாது, சுமார் 500 டிகிரியில்தான் கருக ஆரம்பிக்கும். பழைய தீயணைப்பு வண்டிகளில் இருந்த மணிலாக் கயிறும் உருகாது. அதன் பிரச்சினை வேறு. ஈரத்தோடு சுருட்டி வைத்தால் உள்ளுக்குள் மக்கிவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. புரியைத் திருகிப் பிரித்து முகர்ந்து பார்க்க வேண்டும் என்பார் வாத்தியார். அவர் அப்படி முகர்ந்துவிட்டு ஒதுக்கிய கயிற்றில் அடுத்த மாதம் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் தடுப்புக் கட்டினார்கள்.

இப்போது மீட்பு வேலைக்கு வரும் கயிறு இரண்டு அடுக்குக் கொண்டது. உள்ளே நீளமான இழைகளால் ஆன கரு, அதைச் சுற்றி இறுகப் பின்னிய உறை. பாரத்தின் பெரும்பகுதியைக் கரு தாங்கும், தேய்மானத்தை உறை வாங்கிக்கொள்ளும். கெர்ன்மான்டில் என்று பெயர். ஜெர்மன் மொழியில் கரு, மேலங்கி என்ற இரண்டு சொற்கள்தான் அது. மலையேறுகிறவர்கள் பயன்படுத்துவது நன்றாக நீளக்கூடியது, விழும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். மீட்புக்கு வேண்டியது அதிகம் நீளாத ரகம். கிணற்றில் தொங்குகிற ஆளை இழுக்கும்போது கயிறு ரப்பர் மாதிரி நீண்டால், அவர் மேலும் கீழும் ஆடிச் சுவரில் மோதுவார்.

வாத்தியார் செய்து காட்டியதில் என்னை உலுக்கியது இதுதான். ஒரு கயிற்றில் மணல் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டார். அதே ரகத்தில் இன்னொரு துண்டைத் தரையில் தளர்வாகப் போட்டார். என் கையில் ஒரு சின்னக் கத்தியைக் கொடுத்து முதலில் தரையில் கிடந்ததை அறுக்கச் சொன்னார். ஏழெட்டுத் தடவை இழுத்து இழுத்துத்தான் அறுத்தேன். அடுத்தது தொங்குவதைச் சும்மா தொடு என்றார். கத்தி முனை பட்டதும் இழைகள் ஒவ்வொன்றாகத் தெறித்து விரிந்தன, அடுத்த நொடி மூட்டை தரையில் கிடந்தது. பாரம் ஏறிய கயிறு அப்படித்தான். கயிறு அறுவது பெரும்பாலும் பாரம் தாங்காமல் இல்லை, விளிம்பில் உரசித்தான். கிணற்றின் கைப்பிடிச் சுவரில் உடைந்த கருங்கல் முனை, மாடிச் சுவரில் துருத்திய தகரம், ஏதோ ஒன்று போதும். கோணிச் சாக்கை நாலாக மடித்து விளிம்பில் போட்டு அதன்மேல் கயிற்றை விடச் சொல்வார். ஒரு சாக்கு. அன்றைக்கு அப்புச்சி ஊரில் மாட்டுக்கொட்டகை நிறையச் சாக்கு இருந்தது, ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்புறம் முடிச்சுகள். 'பவ்லின்' என்று அவர் சொன்ன முடிச்சை எல்லோரும் முதலில் கற்றுக்கொண்டோம். கயிற்றில் ஒரு சின்ன வளையம், அது புற்று. பாம்பு புற்றிலிருந்து மேலே வருகிறது, மரத்தைப் பின்பக்கமாகச் சுற்றுகிறது, திரும்பப் புற்றுக்குள்ளேயே போகிறது. இறுக்கினால் நழுவாத ஒரு கண்ணி கிடைக்கும். எவ்வளவு பாரம் ஏறினாலும் கண்ணி சின்னதாகாது, வேலை முடிந்ததும் கட்டைவிரலால் முதுகை ஒடித்தால் அவிழ்ந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு, தன் இடுப்பைச் சுற்றி, ஒரே கையால் போடும்வரை அவர் விடவில்லை.

நான் அவரிடம் மாமா கதையைச் சொன்னது அன்றைக்குத்தான். முழுசும் கேட்டுவிட்டு, "உங்க அப்புச்சி மாடு வச்சிருந்தாரா?" என்று கேட்டார். வைத்திருந்தார், நான்கு உருப்படி.

"மாட்டுக் கழுத்துல சுருக்கு போடுவாரா?"

போட மாட்டார். எந்த விவசாயியும் போட மாட்டார். சுருக்கு போட்டால் மாடு மிரண்டு இழுக்கும்போது கழுத்து இறுகிச் செத்துப்போகும். மாட்டுக் கழுத்துக்கு இறுகாத முடிச்சுத்தான்.

"அப்ப அவருக்குத் தெரியாத முடிச்சு இல்ல தம்பி. வாளிக்குப் போடுற முடிச்சு கைக்கு முதல்ல வந்துருச்சு, அவ்வளவுதான். அவசரத்துல கை எதுக்குப் பழகியிருக்கோ அதத்தான் போடும். அதனாலதான் நாங்க தினமும் பரேடுல போட்டுப் பழகுவோம்."

என் மனதில் வெகுநாளாக இருந்த ஒரு கேள்விக்கு அன்றைக்குப் பதில் கிடைத்தது. அப்புச்சி சாகும்வரை மாமாவின் விலாவைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவரிடம் இதைச் சொல்ல முடியாமல் போனதே என்று எனக்கு இன்றும் வருத்தம்.

பவ்லினுக்கும் ஒரு குறை உண்டு. பாரம் இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தால், அதுவும் விறைப்பான புதுக் கயிற்றில், மெல்ல மெல்ல நெகிழ்ந்துவிடும். அதனால் இப்போது பெரும்பாலும் எட்டு முடிச்சைத்தான் நம்புகிறார்கள். எட்டு என்று எழுதின மாதிரியே இரட்டைக் கோடாக ஓடும். தப்பாகப் போட்டால் பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். எனக்கு அந்தக் குணம் ரொம்பப் பிடிக்கும். இன்னொருவர் ஒரே பார்வையில் சரிபார்க்க முடிய வேண்டும், ஏனென்றால் போட்டவன் பயத்தில் இருப்பான். எந்த முடிச்சாக இருந்தாலும் அது கயிற்றின் பலத்தில் சுமார் கால் பங்கையாவது தின்றுவிடும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

நினைவில்லாத ஆளைத் தூக்க மார்பில் ஒரு கண்ணி மட்டும் போதாது. நினைவு தப்பியவரின் கை தானாக மேலே போகும், ஆள் கண்ணிக்குள்ளிருந்து வழுக்கிக் கீழே போய்விடுவார். தீயணைப்பு வீரர்களின் நாற்காலி முடிச்சு அதற்காகத்தான். கயிற்றின் நடுவில் இரண்டு கண்ணிகள், ஒன்று பெரியது, ஒன்று சின்னது. சின்னது அக்குளுக்கு அடியில், பெரியது முழங்காலுக்கு அடியில். ஆள் உட்கார்ந்த வாக்கில் வருவார். ஒரு முனை மேலே இழுக்க, இன்னொரு முனை கீழே நிற்பவர் கையில். அவர் அதை வெளிப்பக்கமாகப் பிடித்து இழுத்து, தொங்குகிறவர் சுவரில் மோதாமல் பார்த்துக்கொள்வார்.

இந்த நாற்காலி முடிச்சைத்தான் இன்றைய ஹார்னஸ், அதாவது உடம்பில் மாட்டிக்கொள்ளும் பட்டைகள், தைத்து வைத்திருக்கிறது என்று சொல்லலாம். கயிறு சதையை அறுக்கும், பட்டை அறுக்காது. கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கும்போது வயிற்றில் கயிறு கட்டாமல், தண்ணீர் பாய்ச்சும் பழைய ஹோஸைத் தட்டையாக மடித்துக் கொடுத்துத் தூக்குவோம் என்று வாத்தியார் சொன்னதும் இதே கணக்குத்தான். முழு உடல் ஹார்னஸில் பாரம் தொடை, இடுப்பு, தோள் என்று பிரிந்து போகும். வெறும் இடுப்பு பெல்ட்டில் விழுந்தால் வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் நசுங்கும், முதுகெலும்பு மடங்கும். கிணறு மாதிரிக் குறுகலான இடத்தில் தோளிலோ முதுகின் மேலேயோ இருக்கும் வளையத்தில் கொக்கியை மாட்டுவார்கள், அப்போதுதான் ஆள் நிமிர்ந்தபடி மேலே வர முடியும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஹார்னஸில் அசையாமல் தொங்கினால் ரத்தம் காலில் தேங்க ஆரம்பிக்கும், நிமிடக் கணக்கில் ஆபத்து. ஹார்னஸ் மாட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது, சீக்கிரம் இறக்கவோ ஏற்றவோ வழி தயாராக இருக்க வேண்டும்.

காப்பாற்றப் போகிறவனுக்கு என்று ஒரு கயிறு வேண்டும் என்பதை நம் ஊர் மட்டும் மறக்கவில்லை. உலகத்தின் மிகப் பெரிய தீயணைப்புப் படைகளில் ஒன்று நியூயார்க் நகரத்துடையது. அங்கே 1980 ஜூனில், ஹார்லெம் பகுதியில், தீயில் மாட்டிக்கொண்ட ஒரு வீரரை மீட்க இன்னொரு வீரர் கயிற்றில் இறங்கினார். இருவரின் பாரமும் ஏறியபோது கயிறு அறுந்தது. இருவரும் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் தீயணைப்புக் கயிறு எவ்வளவு தாங்க வேண்டும் என்று அமெரிக்காவில் தனித் தர விதிகள் எழுதப்பட்டன, 1985-ல் அவை வெளிவந்தன. இரண்டு பேர் பாரத்தை 600 பவுண்டு என்று வைத்து, அதைப் போல 15 மடங்கு தாங்க வேண்டும் என்றார்கள். 9,000 பவுண்டு, நம் கணக்கில் 4 டன். ஒரு ஆளைத் தூக்க எதற்கு 4 டன் என்று கேட்பவர்களுக்கு முடிச்சையும் விளிம்பையும் காட்டினால் போதும்.

அதே நகரத்தில் 2005 ஜனவரி 23. பிராங்ஸ் பகுதியில் ஒரு குடியிருப்பில் தீ. நான்காவது தளத்தில் மாட்டிக்கொண்ட ஆறு வீரர்கள் வேறு வழியில்லாமல் ஜன்னல் வழியாக வெளியேறினார்கள். ஆளுக்கொரு தப்பிக்கும் கயிறு கொடுக்கும் வழக்கத்தை அந்தப் படை சில வருடங்களுக்கு முன்பே நிறுத்தியிருந்தது. ஒருவரிடம் மட்டும் தன் சொந்தக் காசில் வாங்கிய கயிறு இருந்தது. அவரும் இன்னொருவரும் அதை வைத்துத்தான் இறங்கப் பார்த்தார்கள். ஆறு பேரில் இரண்டு பேர் அன்றே இறந்தார்கள், நான்கு பேருக்குப் பலத்த காயம். அந்த வருடமே எல்லா வீரர்களுக்கும் ஹார்னஸோடு கூடிய மெல்லிய அராமிட் கயிறு, ஜன்னல் விளிம்பில் மாட்டும் கொக்கி, இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி என்று கொடுக்க ஆரம்பித்தார்கள். எல்லாம் சேர்ந்து ஒரு பைக்குள் அடங்கும்.

நம் நாட்டில் பாதுகாப்பு இல்லாமல் ஆளைக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். ஹார்னஸுக்கு இந்தியத் தர எண்ணே இருக்கிறது, ஐ.எஸ். 3521. ஒரு நல்ல ஹார்னஸின் விலை ஒரு செல்போன் விலையில் பாதிகூட ஆகாது. ஆனாலும் இறக்குகிறார்கள், ஒருவர் பின் ஒருவராகச் சாகிறார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் திட்டில் தூங்குகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தவர் நினைவுக்கு வருகிறார், ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. இயந்திரம் செய்ய வேண்டிய வேலைக்கு ஆளை இறக்கவே கூடாது.

போன பொங்கலுக்கு அப்புச்சி ஊருக்குப் போனபோது ஒரு ஹார்னஸும், 100 அடி கயிறும், இரண்டு கொக்கியும் வாங்கிக்கொண்டு போனேன். கயிற்றுப் பையின்மேல் சிவப்பு மையில் 'உயிருக்கு மட்டும்' என்று எழுதியிருக்கிறேன். இதில் மாடு கட்டக் கூடாது, மோட்டார் தூக்கக் கூடாது, பேட்டரி, உரமூட்டை பக்கத்தில் வைக்கக் கூடாது. ஊரில் நான்கு இளவட்டங்களைக் கூட்டி, உள்ளே யாராவது மயங்கிக் கிடந்தால் முதலில் 101-க்கோ 112-க்கோ அடிக்க வேண்டும், மூச்சுக்கருவி இல்லாமல் ஒருவரும் இறங்கக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். தூர் வாரவோ, பம்புக் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வைப் பார்க்கவோ இறங்குகிறவர் ஹார்னஸை மாட்டாமல் முதல் படியில் கால் வைக்கக் கூடாது. கயிற்றின் இழுப்புச் சைகையும் சொல்லிக் கொடுத்தேன். ஒன்று என்றால் நலம், இரண்டு என்றால் கயிறு விடு, மூன்று என்றால் கயிற்றை ஏற்று, நான்கு என்றால் ஆபத்து, தூக்கு. பதில் வராவிட்டாலும் தூக்கு.

மாமா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எல்லோரும் போன பிறகு எழுந்து வந்து தொடைப் பட்டையை விரலால் தடவிப் பார்த்தார்.

"மாப்ளே, இது விலாவுல புடிக்காதா?"

"புடிக்காது மாமா. தொடையில உக்காரும்."

போட்டுக்காட்டு என்றார். இரண்டு காலையும் ஒவ்வொன்றாக விட்டு, தோளில் மாட்டி, நெஞ்சுப் பட்டையைப் பூட்டினேன். தொடைப் பட்டைக்குள் என் நான்கு விரல் தட்டையாக நுழைகிறதா என்று பார்த்து இறுக்கினேன். கொட்டகை உத்தரத்தில் கயிற்றைப் போட்டு, எட்டு முடிச்சு போட்டுக் கொக்கியை மாட்டினேன். அவர் மெதுவாக முழங்காலை மடக்கிப் பாரத்தைக் கயிற்றில் விட்டார். கால் தரையிலிருந்து ஒரு சாண் எழும்பியது. இடது கை வழக்கம்போல விலாவுக்குப் போனது, அங்கே எதுவும் அழுத்தவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே தொங்கினார்.

"எறக்கு மாப்ளே," என்றார். பிறகு பையை எடுத்துக்கொண்டு போய், மோட்டார் ரூமில் கதவுக்குப் பின்னால், யார் கைக்கும் எட்டுகிற உயரத்தில் ஒரு ஆணி அடித்து மாட்டினார்.